திட்டு வாங்காதவன்

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். பீங்கான் கம்பெனியில் பெண்கள் ஃபியூஸ் கட்டைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பீகாரிலிருந்து பிழைக்க வந்த சுனிதாவின் நாக்கு நுனியில் ரத்தப் பொட்டு.

"என்னாடி இது?" என்றாள் வேல்விழி.

"இன்னிக்கு எங்க ஊர்ல அண்ணன் தம்பி ஆயுசுக்காகப் பொண்ணுங்க செய்யற பண்டிகை அக்கா. மொதல்ல அவனை செத்துப்போன்னு திட்டணும். அப்புறம் அந்த நாக்கை முள்ளால குத்திக்கணும்."

ராஜம்மாள் சிரித்தாள். "எங்க வூட்ல தெனமும் அந்தப் பண்டிகைதான். முள்ளுதான் பாக்கி."

சுனிதா கதையைச் சொன்னாள். கூடப்பிறந்தவள் வாயால் ஒரு திட்டும் வாங்காதவன் எவனோ அவனைப் பிடித்து வரும்படி எமன் ஆளனுப்பினான். அப்படி ஒருவன் இருந்தான். அக்காவின் செல்லம். விஷயம் காதில் விழுந்ததும் அவள் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டித் தீர்த்தாள். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

வேல்விழியின் கை நின்றது.

கம்மாபுரத்தில் தம்பி கொளஞ்சிநாதன் ஈரல் கெட்டுக் கிடக்கிறான். வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் வேல்விழி. ராசா என்றுதான் கூப்பிடுவாள். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்தபோதும் ஒரு சொல் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தாள். சனியனே என்றுகூட இல்லை.

"இன்னிக்கு மட்டுந்தானா?"

"பொழுது சாயறதுக்குள்ள, அக்கா."

சுனிதாவின் அண்ணன் சூரத்தில் இருக்கிறான். விடியலில் தன் அறை வாசலில் நின்றே திட்டியிருந்தாள். நேரில் போகத்தான் வேண்டுமா என்று வேல்விழிக்குக் கேட்கத் தோன்றவில்லை. கம்பெனிக்குப் பின்னால் கண்டங்கத்திரி முள் ஒன்றை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

தம்பி கட்டிலில் கிடந்தான். வயிறு மட்டும் பெருத்திருந்தது. கண்கள் மஞ்சள்.

"வந்துட்டியாக்கா?" கையை நீட்டினான்.

அவள் பிடித்துக்கொள்ளவில்லை. வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாசமாப் போறவனே. செத்துத் தொலைடா. எமன் வந்து இழுத்துக்கிட்டுப் போவட்டும் உன்னை."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி பாரதி கரண்டியோடு ஓடி வந்தாள். வேல்விழி முள்ளை எடுத்து நாக்கில் அழுத்தினாள். பதற்றத்தில் ஆழமாக இறங்கி உள்ளேயே ஒடிந்தது. வாயெல்லாம் ரத்தம்.

"சாவக் கெடக்கிற மனுசன்கிட்ட வந்து சாபமா வுடுறீங்க? பேய் கீய் புடிச்சிருக்குதா? நாத்தனாராச்சேன்னு பாக்குறேன். வெளிய போங்க!"

எமன், பண்டிகை, சுனிதா எல்லாவற்றையும் சொல்லிவிடப் பார்த்தாள். நாக்கு புரளவில்லை. குழறலும் எச்சிலும்தான் வந்தன. பாரதி தோளைப் பிடித்து வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

வேல்விழி கதவைத் தட்டினாள். உள்ளே பாரதி அழுதாள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் கட்டிலிலிருந்து தம்பியின் குரல் மெலிதாகக் கேட்டது.

"அக்கா, நான் உனக்கு என்னா பண்ணேன்?"