சர்க்கரை இல்லை என்றுதான் போட்டிருந்தது

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. நான் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்தவள் இல்லை. கேட்டால், யாருக்குப் புரியுது என்பாள். அவளே வந்து ஒரு கதை வேண்டும் என்றாள். நடந்தது நடந்தபடியே இருக்கட்டுமாம், ஓரிடத்தை மட்டும் மாற்ற வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் அவள் வாய் திறக்காமல் நின்ற இடம். கதையிலாவது அங்கே அவள் பேசிவிட வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'அந்த வட்டாரத்திலேயே நடுங்காத கை அவருடையதுதான்.' (அடித்துவிட்டேன். நடுங்கப்போகிறது என்று நீங்கள் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

இரண்டாவது: 'காஃபீன் என்பது' (இதோடு நிறுத்திவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

சரி, நடந்தபடியே சொல்கிறேன். அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், சலூன் வைத்திருக்கிறார். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. களைப்புக்கு டீ, டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்வார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றதும் அக்கா டீயை நிறுத்தினாள். மனிதர் மத்தியானத்துக்குள் வாடிப்போனார்.

அக்கா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அவளுக்கு எதிர் அலமாரியில் எனர்ஜி டிரிங்க் கேன்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். சர்க்கரை இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தேடியது கிடைத்த பிறகு பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அன்று ஒன்று வாங்கிப் போனாள். பிறகு காலைக்கொன்று, மாலைக்கொன்று. அப்புறம் சலூன் குளிர்பெட்டியில் ஒரு வரிசையே நின்றது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அக்காவைத் திட்டாதீர்கள். காஃபீன் அளவு உட்பட மற்ற எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. நானும் பார்த்தேன்.)

3

இங்கே அத்தான் மேல்தான் எனக்குச் சந்தேகம். இந்த ஆள் ஏன் வாயே திறக்கவில்லை? ராத்திரித் தூக்கம் போனது. தண்ணீர் பட்டால் பல் கூசியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சவரக் கத்தி பிடித்த கை நடுங்கி, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கன்னத்தில் கீறல் விழுந்தது. அவர் காசை வைத்துவிட்டுப் போனார், மறுபடி வரவில்லை. வயசாகுது என்றார் அத்தான். பாவம், களைப்பு என்று அக்கா இன்னொரு கேனைத் திறந்து நீட்டினாள். ஆசையாக நீட்டுகிறாளே என்று அவரும் குடித்தார்.

[இவ்வளவு நல்லவனை வாசகர் நம்பமாட்டார் என்றார் நண்பர் ஒருவர். நம்பாவிட்டால் போகட்டும். பெண்டாட்டி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத அப்பாவிகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.]

4

ஒருநாள் காலை, பாதி வெட்டிய தலையை நாற்காலியில் விட்டுவிட்டு அத்தான் சரிந்து விழுந்தார்.

பிழைத்துக்கொண்டார். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது, ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. கேன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இதயத்தில் முன்பே கோளாறு இருந்திருக்கலாம். ஆனால் வேளைக்கு வேளை இதைக் குடித்தது நல்லது செய்யவில்லை என்றார்.

"சர்க்கரை இல்லைன்னா அதுல வேற ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா? யாருங்க இதைக் குடிக்கச் சொன்னது?"

அத்தான் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் வாங்கிக் குடிச்சேன். இவ வேண்டாம்னுதான் சொல்லுவா."

"வீட்டுக்காரம்மா பேச்சைக் கேட்டிருக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

5

மாற்று அ: அக்கா தலையை ஆட்டவில்லை. "இல்லைங்க, நான்தான் வாங்கிக் கொடுத்தேன்," என்கிறாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

மாற்று ஆ: வீட்டுக்கு வருகிற வழியில் சொல்கிறாள். 'வண்டி திரும்பியதும் அக்கா மெல்ல' (பாதியில் விட்டேன். அவள் வழியெல்லாம் மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.)

அத்தானுக்குக் கை நடுக்கம் இப்போது இல்லை. ஆனால் நாள் முழுக்க நிற்க உடம்பு இடம் கொடுப்பதில்லை. கடையை வேறொருவர் பார்க்கிறார். கேனைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கோ அவர் முகத்தைப் பார்த்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

மாற்று அ-வை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது போதும்டி. சொல்லிட்ட மாதிரியே இருக்கு," என்றாள். முகம் தெளிந்துவிட்டது. இனி அத்தானிடம் நேரில் சொல்லவே மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

6

அதனால் மாற்று அ இந்தக் கதையில் சேராது. மேலே இருக்கிறதே என்பீர்கள். அச்சுக்குப் போகுமுன் குறுக்கே கோடு போட்டுவிடுவேன்.

முடிவை வாசகர் கையில் விடுவது எங்கள் தொழிலில் சகஜம். நான் எல்லா வாசகருக்கும் விடவில்லை, ஒருத்திக்குத்தான் விடுகிறேன். மன்னிச்சிடு அக்கா, உனக்காக என்னால் பேச முடியாது. அத்தான் உள்ளறையில் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போ.