காருக்கு அடியில் ஸ்ரீகலா

சபரீஷ் காலையிலிருந்தே வாசலுக்கும் போர்ட்டிகோவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். மூன்று நாள் விடாமல் பெய்த மழை அன்றைக்குத்தான் கொஞ்சம் வெறித்திருந்தது. வீட்டு முன்னால் போர்ட்டிகோவில், சக்கரங்கள் கழற்றப்பட்டு, நான்கு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் ஒரு பழைய ஜெர்மன் கார் நின்றது. அதன் அடியில் அவன் மனைவி ஸ்ரீகலா மல்லாந்து கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அவன் குன்னத்துகால் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க். ஸ்பானருக்கும் அவனுக்கும் சம்பந்தம் கிடையாது. அவள் ஒரு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்துகிறாள். கார் கள்ளிக்காடு என்ற ஊரில் ஒரு கொட்டகைக்குள் பதினோரு வருஷம் கிடந்தது. எண்பத்துமூன்றாம் வருஷத்து வண்டி, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். அவள் வாங்கி வந்தபோது எஞ்சின் சுகமாக ஓடியது. ஆனால் எந்த கியரில் போட்டாலும் வண்டி உறுமிக்கொண்டே நின்ற இடத்தில் நின்றது. பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் யாரும் கை வைக்கத் தயாரில்லை. கோயம்புத்தூரில் உடைத்துப் போட்டிருந்த இன்னொரு காரிலிருந்து நல்ல கியர் பாக்ஸ் ஒன்றை வரவழைத்தாள். பழையதை இறக்கிவிட்டு அதை ஏற்ற வேண்டும். எண்பது கிலோ.

“கடைசி போல்ட்டாக்கும். ஜாக்கியைப் பிடிச்சுக்கிடுங்க” என்றாள் அடியிலிருந்து.

கியர் பாக்ஸுக்கு அடியில் ஒரு ஜாக்கியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சபரீஷ் குந்தியிருந்து அதன் கைப்பிடியைப் பிடித்தான். போல்ட் கழன்றது. ஆனால் கியர் பாக்ஸ் எஞ்சினை விட்டு வரவில்லை; நாற்பது வருஷத் துரு. அவள் இடுக்கில் கம்பியை விட்டு நெம்பினாள். கார் லேசாக ஆடியது.

“கலா, வண்டி ஆடுது.”

“ஆடத்தான் செய்யும். ஸ்டாண்டு உண்டுல்லா.”

முன்பக்கத்து ஸ்டாண்டுகள் இரண்டும் சிமெண்ட் தரையில் இருந்தன. வண்டி நீளமானதால் பின்பக்கத்து ஸ்டாண்டுகள் போர்ட்டிகோவுக்கு வெளியே, முற்றத்தில் பதித்த இன்டர்லாக் கல்லின் மேல் நின்றன. அவள் மறுபடி நெம்பியபோது இடது பின் ஸ்டாண்டின் கீழே இருந்த கல்லின் ஓரத்தில் சேற்றுத் தண்ணீர் பொங்கி வருவதைச் சபரீஷ் பார்த்தான். மழையில் அடிமண் குழைந்திருந்தது.

“கலா, நிறுத்து! வெளிய வா!”

அதற்குள் கியர் பாக்ஸ் ஒரே உதறலில் கழன்றது. கார் பின்னால் குலுங்கியது. கல் ஒரு பக்கமாகப் புதைந்தது. ஸ்டாண்டு சாய்ந்தது. ஜாக்கியின் மேலிருந்து கியர் பாக்ஸ் சரிந்து அவள் மேல் விழுந்தது. ஒரே ஒரு அலறல். பிறகு கியர் பாக்ஸின் சிவப்பு எண்ணெய் தரையில் ஓடி வந்து அவன் காலை நனைத்தது.

குனிந்து பார்த்தான். கியர் பாக்ஸின் ஒரு முனை ஜாக்கியில் சிக்கியிருந்தது. மறுமுனை அவளுடைய இடது தோளையும் நெஞ்சையும் அழுத்திக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. கார் இன்னும் விழவில்லை. சாய்ந்த ஸ்டாண்டு மட்டும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

சபரீஷ் ஓடினான். எதற்கென்று யோசிக்கவில்லை, கால்கள்தான் ஓடின. கேட்டருகே போனதும்தான் என்ன செய்கிறோம் என்பது உறைத்தது. மதிலைப் பார்த்துத் திரும்பிக் கத்தினான்.

“ராஜதாஸே! எலே ராஜதாஸே! ஓடி வா!”

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் ராஜதாஸ் மதிலேறிக் குதித்தான். விஷயத்தைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய்ப் பின் பம்பருக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தான்.

“சாரே, நான் தூக்குதேன். நீங்க காலைப் பிடிச்சு வெளிய வலிச்சு எடுங்க.”

“தொடாதே!”

ஆபீசில் ஒருத்தரிடமும் குரல் உயர்த்தாத சபரீஷின் குரல் அது என்று அவனுக்கே தெரியவில்லை. இந்த வண்டி எப்படியெல்லாம் விழும் என்று காலையிலிருந்து அவன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததெல்லாம் இதைத்தான்.

“இந்தப் பக்கம் தூக்கினா அந்தப் பக்கத்து ஸ்டாண்டு மறிஞ்சுரும். மொத்தமா அவ மேல வந்துரும்.”

ராஜதாஸ் கையை எடுத்தான். “பின்னே என்ன செய்ய?”

அடியிலிருந்து மூச்சை இழுத்து இழுத்து அவள் சொன்னாள். “சக்கரம்… சக்கரத்தை உள்ள தள்ளுங்க.”

கழற்றிய சக்கரங்கள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தன. இருவரும் இரண்டை உருட்டி வந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, சாய்ந்த பக்கத்துப் பின் கதவுக்கு அடியில் தள்ளினார்கள். மேலே நாலு விரல் இடைவெளி. புதிய கியர் பாக்ஸ் வந்த பெட்டியின் பலகையை ராஜதாஸ் பிடுங்கி வந்தான். அதைச் சக்கரத்தின் மேல் செருகிச் சபரீஷ் கையை எடுத்தான்.

ஸ்டாண்டு கிறீச்சிட்டுக்கொண்டு வழுக்கியது. காரின் பின்பக்கம் டமாரென்று இறங்கியது. துருவும் காய்ந்த மண்ணும் பொலபொலவென்று கொட்டின. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

“கலா?”

குனிந்து இருட்டுக்குள் பார்த்தான்.

“கலா!”

“கண்ணுல தூசி விழுந்துட்டு” என்றது குரல்.

சபரீஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் உட்கார நேரமில்லை. கார் பலகையில் தங்கி நின்றது. அவள் நெஞ்சின் மேல் பாரம் அப்படியே இருந்தது. யாராவது உள்ளே போய் நெம்ப வேண்டும். ராஜதாஸின் உடம்பு அந்த இடுக்கில் நுழையாது.

கம்பிப்பாரையையும் ஒரு செங்கல்லையும் எடுத்துக்கொண்டு சபரீஷ் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனான். முதுகில் இரும்பு உரசியது. எங்கோ ஒரு தகடு டிக் டிக்கென்றது. ஒவ்வொரு டிக்குக்கும் அவன் கண்ணை மூடினான். எண்ணெயில் முழங்கை வழுக்கியது. அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. வேகமாக, சின்னதாக இருந்தது.

“செங்கல்லை என் பக்கம் வைக்காண்டாம்” என்றாள். “ஜாக்கி பக்கம். ஆங்… இனி பாரையை அமுக்குங்க.”

அமுக்கினான். பாரம் இரண்டு விரல் உயர்ந்தது. “ராஜதாஸே, இழு!” ஸ்ரீகலா எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் தோள்பட்டை எலும்பு முறிந்திருப்பதாகவும், விலா எலும்பில் இரண்டு விரிசல் விட்டிருப்பதாகவும் சொன்னார்கள். சாயங்காலம், கையைத் துணியால் கழுத்தோடு தொட்டில் கட்டிக் கட்டிலில் சாய்ந்திருந்தவளிடம் அவன் கேட்டான்.

“ரொம்பப் பேடிச்சுப் பயந்துட்டியா?”

“வண்டிக்கு அடியில கிடந்தா உங்க காலு ரெண்டு மட்டும்தான் தெரியும்” என்றாள். “அது ஓடிச்சு. அப்பந்தான் எனக்குப் பேடி வந்துச்சு.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ராஜதாஸைக் கூப்பிட்டேன்” என்றான். அப்புறம், “முதல்ல சும்மா ஓடினேன். கூப்பிடுகதுக்கு இல்ல” என்றான்.

“தெரியும்.” அவள் நல்ல கையை நீட்டினாள். “திரும்பி வந்துச்சுல்லா.”

ஆறு வாரம் அவன் போர்ட்டிகோ வழியாக நடக்கவில்லை. சமையலறை வாசல் வழியாக ஆபீசுக்குப் போய் வந்தான். வண்டியை விற்றுவிடலாம் என்று இரண்டு தடவை சொன்னான். அவள் மறுப்பு சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போது அவளும் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொள்வதைக் கவனித்தான். அவளிடம் பயம் அப்படியே தங்கிவிடும் என்பது அவனுக்குத் தன் பயத்தைவிடப் பெரிதாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக் கல்லைப் பெயர்த்து ராஜதாஸும் அவனும் கான்கிரீட் போட்டார்கள்.

கான்கிரீட் இறுகியதும், நாலு ஸ்டாண்டும் நாலு சக்கரமும் முட்டுக் கொடுத்து, அவன் காருக்கு அடியில் படுத்தான். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“முதல்ல எஞ்சின் சுழற்சியை வாங்குத அந்த இரும்பு உருண்டையைக் கியர் பாக்ஸுக்குள்ள அமுக்கித் திருப்புங்க. மூணு தடவை டொக்குன்னு உள்ள விழணும். ரெண்டுல நிறுத்திட்டு எஞ்சினோட பூட்டினா எல்லாம் பொடிஞ்சு போவும்.”

ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்றாவது வரவில்லை.

“கலா, கை நிக்க மாட்டேங்குது.”

“நடுங்கட்டும். திருப்பிக்கிட்டே இருங்க.”

டொக் என்றது. வேலை முடிய மூன்று நாள் ஆனது.

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, புண்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனைப் பக்கத்தில் ஏறச் சொன்னாள். ஏறினான். எஞ்சின் உறுமியது. அவள் கியரைத் தள்ளி பிரேக்கை விட்டாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் முகம் சுருங்கியது. பிறகு பின்னாலிருந்து யாரோ மெதுவாகத் தள்ளியதைப் போல வண்டி கேட்டைத் தாண்டி நகர்ந்தது. காரக்கோணம் ரோடு வரைக்கும் போனார்கள்.