அம்மாவின் மனு

காணாமலாக்கப்பட்டோருக்காக மனுப் பதியும் இணையத்தளத்தில், அண்ணனுக்காக அம்மா பதிந்ததைத் தேடினாள் கணினி மாணவி சுதாஜினி. இணைய முகவரியில் கடைசி இலக்கத்தை மாற்றினால் ஊராரின் மனுவெல்லாம் திறந்துகொண்டது. பதறிப்போய், அந்தப் பிழையைச் சொல்லி, தளத்தை நடத்தும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். மனு எழுதியே தேய்ந்த குடும்பமல்லவா, கைப்பழக்கத்தில் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், அக்கராயன் கிராமத்து வீட்டு விலாசம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டாள்.

பதிலா வரும்? மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இருவர் வந்தார்கள். அம்மா அவர்கள் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

"பிழை கண்டுபிடிச்ச கெட்டிக்காரி நீங்களோ? வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?" என்றான் ஒருவன்.

"இல்லை. அதைத் திருத்திப்போட்டீங்களோ?"

"திருத்தியாச்சு, தங்கச்சி," என்று சிரித்தான்.

அவர்கள் போனதும் இணையத்தளத்தைத் திறந்தாள். ஊராரின் மனுக்கள் முன்போலவே திறந்தன. அண்ணனைத் தேடும் அம்மாவின் மனு மட்டும் அங்கே இல்லை.