ஜானகி வீட்டு வடக்குச் சுவர்

ஜானகி தன் வீட்டு வடக்குச் சுவரில் ஒரு தட்டு தட்டினால் சிமெண்ட் ஆலை நின்றது. மறுபடி தட்டினால் ஓடியது. வீடு கீழப்பழுவூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்கல் வெட்டும் மைன்ஸின் வேலியை ஒட்டி இருந்தது. ஆலை அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். இரண்டுக்கும் இடையில் ஒயர் எதுவும் இல்லை. கரும்பும் கருவேலமும் மட்டுமே இருந்தன.

ஆலையின் அரவை, லாரி, வெடி வைக்கும் நேரம் எல்லாம் சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருந்த ஒரு பழைய மெயின்ஃப்ரேம் கணினி சொன்னபடி நடந்தன. அதோடு பேசுவதற்கு ஆலையில் டெர்மினல்கள் உண்டு. அவற்றின் பழைய விசைப்பலகையில் அட்டென்ஷன் என்று ஒரு விசை இருந்தது. அழுத்தினால் மெயின்ஃப்ரேம் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, என்ன என்று கேட்கும். மறுபடி அழுத்தினால் வேலையைத் தொடரும். அந்தப் பலகைகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. திருச்சியில் வாங்கிய புதியவற்றில் அந்த விசை இல்லை. அதற்காக ஒரு சிறு நிரல் வந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்தால் ஓடும். எந்தச் செயல் என்று கேட்கும். பிறகு, எந்த விசை, அழுத்திக் காட்டவும் என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். அழுத்தியதும் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதும். அதன்பின் அந்த விசைக்கு அதுதான் வேலை. லாரி அனுப்பும் பிரிவில் இதைச் செய்துவந்தவள் தென்றல். அவள் ஜானகியின் நாத்தனார்.

அன்று தென்றல் புதுப் பலகை ஒன்றை மாட்டி, அட்டென்ஷன் என்று தட்டச்சு செய்திருந்தாள். நிரல் விசைக்காகக் காத்திருந்தது. அப்போது ஜானகியின் போன் வந்தது. மத்தியான வெடி அப்போதுதான் விழுந்திருந்தது. கையில் ஒயர் இருந்ததால் தென்றல் ஸ்பீக்கரில் போட்டாள். “கேளு தென்றலு, முன்னெல்லாம் கல்லாட்டம் இருந்த செவுரு. இப்ப காலி டின்னாட்டம் சத்தம் வருது பாரு” என்று சொல்லி ஜானகி தட்டிக் காட்டினாள். திரையில் ‘ஏற்கப்பட்டது’ என்று வந்தது. வெளியே அரவை நின்றது. எடைமேடையில் ஏறிக்கொண்டிருந்த லாரி பாதியில் நின்றது. தென்றல் ஜன்னலைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். “அண்ணி, இன்னொரு தடவ தட்டுங்க” என்றாள். எல்லாம் ஓடின. அவள் திரையை மூடிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள்.

வடக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் இருந்தது. கை நுழையும். ஜானகி பல வருடம் மனு கொடுத்தாள். ஒருமுறை ஒருவர் வந்து தரையில் ஒரு கருவியை வைத்துப் பார்த்து, அதிர்வு அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார். விரிசல் அதற்குப் பிறகும் வளர்ந்தது.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதி வெடி வைத்தார்கள். அதிர்வு மண்ணுக்குள் வந்து சுவரை அடித்தது. சுவருக்கு அதுவும் ஒரு தட்டுதான். ஆலை நின்றது. ஜானகி முந்திரிக்கொல்லையிலிருந்து வந்து தட்டும்வரை நின்றே கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. வெடித்த கல்லை அள்ள லாரி வரவில்லை. ஜானகியின் கணவன் நல்லுசாமி அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டுகிறவன். எத்தனை நடை ஓட்டினானோ அத்தனைக்குத்தான் கூலி.

“ஏன்டி, நீ செவுத்த தட்டுனா என் வண்டி நிக்கிது. ஊர்ல சிரிக்கிறானுவ.”

“வண்டி நிக்கிறது கெடக்கட்டும். வூடு நிக்குமான்னு பாருங்க.”

நல்லுசாமி விரிசலில் கையை விட்டுப் பார்த்தான். கை முழங்கைவரை போனது.

சென்னையிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். நிரலை ஓட்டி அட்டென்ஷனை வேறு விசைக்கு மாற்றப் பார்த்தார். ‘பழைய விசையை விடுவிக்க, முதலில் அழுத்திய கையால் அழுத்திக் காட்டவும்’ என்று வந்தது. அவர் அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். ஆலை மேலாளர் கிருஷ்ணமூர்த்தி தென்றலைக் கூப்பிட்டு, அண்ணியிடம் ஒருமுறை தட்டச் சொல் என்றார். “கை அவங்களுது சார். நான் என்னத்த சொல்ல?” என்றாள் அவள். அவளைப் பெரம்பலூர் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் காலை பஸ்ஸில் பெரம்பலூர் போய்வரத் தொடங்கினாள்.

பிறகு கிருஷ்ணமூர்த்தியே ஜீப்பில் வந்தார். “ஒரே ஒரு தட்டும்மா, விசைய மாத்திக்கிறோம். போன செவுத்துக்கிட்ட நாங்க புடிச்சுக்கிறோம்.”

“ஒங்க ஆபீஸ் கதவ எத்தன தடவ தட்டிருப்பேன். அப்ப யாருக்கும் கேக்கலீங்களே.”

“காலனில புது வீடு தர்றோம். டைல்ஸ் போட்டது.”

“எனக்கு ஒரு வூடு இருக்குங்க. அத ஒடைக்காம இருந்தா போதும்.”

அடுத்த வாரம் ஒரு ஜேசிபி வந்தது. இடியும் நிலையில் உள்ள கட்டடம் என்று ஒரு தாளைக் காட்டினார்கள். ஜானகி வீட்டுக்குள் போய், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். தெருவே வேலிக்கு வந்துவிட்டது. ஜேசிபியின் வாளி வெளியிலிருந்து சுவரைத் தொட்டது. ஆலை நின்றது. அந்த நேரத்தில் சென்னையிலிருந்து பொறியாளர் கிருஷ்ணமூர்த்திக்குப் போன் செய்தார். ஆலை நின்றிருக்கும்போது சுவர் விழுந்துவிட்டால் பிறகு அதை ஓட்ட எதைத் தட்டுவது என்று கேட்டார். கிருஷ்ணமூர்த்தி ஜேசிபி டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஜேசிபி திரும்பிப் போனது. “ஏம்மா...” என்று அவர் வாசலிலிருந்து ஆரம்பித்தார். “வெங்காயம் முடியட்டும் சார்” என்றாள் ஜானகி. முடிந்தபின் தட்டினாள்.

வெடியைப் பாதியாகக் குறைத்தார்கள். சுவர் உணர்ந்தது. அதிலும் பாதியாக்கினார்கள். அப்போதும் உணர்ந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் சங்கு ஊதியது. அடுக்களையில் தண்ணீர்ச் செம்பு அசையவில்லை. ஆலை ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் வெடிமருந்து வைக்கக் கூடாது என்று கம்பெனி தானே விதி எழுதிக்கொண்டது. சுவர் விழுந்துவிடாமல் இருக்க, தன் செலவில் கொத்தனார்களை அனுப்பி விரிசலையும் அடைத்தது. அவர்கள் பூசிய நாள் முழுவதும் ஆலை நின்று நின்று ஓடியது.

இப்போது சாயங்காலங்களில் பிள்ளைகள் அந்தச் சுவரில் பந்து அடிக்கிறார்கள். ஆலை நின்றதும் வாசலில் டிரைவர்கள் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். ‘பந்து’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள், நல்லுசாமியும் சொல்கிறான். பொங்கல் விடுமுறைக்கு ஆலையை நிறுத்த ஜானகிக்குப் போன் வரும். விடுமுறை முடிந்ததும் ஓட்டச் சொல்லி மறுபடி வரும். கையில் வேலை இருந்தால், முடித்துவிட்டுத்தான் தட்டுவாள்.