வளர்ந்துவிட்ட தண்ணீர்த் தொட்டி

மேகத்தை விட்டு வெளியே வந்ததும் கேப்டன் முன்கண்ணாடி வழியே பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னடா, தண்ணி டேங்க் வளர்ந்துடுச்சா?”

தண்ணீர்த் தொட்டிகள் வளர்வதில்லை. விமானம்தான் இருக்க வேண்டிய உயரத்துக்கு நானூறு அடி கீழே இருந்தது. உயரமானி மட்டும் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டியது. அதைக் குறைசொல்ல முடியாது. இறங்கும் இடத்தின் காற்றழுத்தம் என்ன என்பதைத் திருகைத் திருப்பி அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தனக்குத் தெரிந்ததையே முழு நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வகையில் அது ஓர் உயர் அதிகாரி.

கேப்டன் மூக்கைத் தூக்கி, சமாளித்து, பூப்போல இறக்கினார். பயணி ஒருவர் பாராட்டிவிட்டே இறங்கிப் போனார். எஞ்சின் நின்றதும் கேப்டன் தன் பக்கத்துத் திருகைச் சரியான எண்ணுக்குத் திருப்பினார். துணை விமானியும் தன் பக்கத்துத் திருகைத் திருப்பினான். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள்.

வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சின்ன நிலையத்தின் கோபுரத்தில் ராடார் இல்லை. ஜன்னல் இருந்தது, அதில் மழை இருந்தது.

தவறு நடந்த விதம் எளிமையானது. இறங்கும் முன் ஒருவர் படிக்க இருவரும் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் உண்டு. அழுத்தம் வைத்தாயிற்றா? வைத்தாயிற்று என்றால் “செட்.” பயணிகள் பெல்ட் போட்டாயிற்றா? “ரெடி.” இரண்டும் அடுத்தடுத்து வருவதால், நேரம் மிச்சமாகட்டும் என்று கம்பெனியில் எல்லோரும் ஒரே மூச்சில் “செட்ரெடி” என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அன்றைக்குக் கேப்டன் தன் மனைவி புதிதாக வாங்கிய எடை மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் கேள்வி வந்தது. இரண்டு பேரும் “செட்ரெடி” என்றார்கள். பெல்ட் எல்லாம் போட்டிருந்தது.

விமானிகள் அறைச் சுவரில் ஒரு போஸ்டர் உண்டு: ‘தவறை நீங்களே சொல்லுங்கள், தண்டனை இல்லை.’ அதில் ஒரு விமானி சிரித்துக்கொண்டிருப்பார். அவரைப் போன வருடம் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். படம் நன்றாக இருந்ததால் அது மட்டும் வேலையில் தொடர்ந்தது.

வாக்குறுதி பொய்யில்லை. மறுநாள் மாலைக்குள் எழுதிக் கொடுத்தால் மன்னிப்பு உண்டு. ஆனால் ஆளுக்கு வருடத்தில் ஒரு மன்னிப்புதான். துணை விமானியின் பங்கு பிரிக்காத பொட்டலமாக இருந்தது. கேப்டன் தன் பங்கை இந்த வருடம் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்.

துணை விமானியின் வீட்டில் அவன் அக்கா சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாது.”

“அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்க?”

“பெரியப்பாவுக்கு ஆகும்.”

கேப்டனை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். குடிவந்த புதிதில் ஸ்டூல் போட்டு ஏறி அவர் மாட்டிக்கொடுத்த ஃபேன்.

“இன்னிவரைக்கும் ஒரு சத்தம் வரல இதுல,” என்றாள். பிறகு காலருக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

மறுநாள் கேன்டீனில் கேப்டன் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அவன் எதிரே உட்கார்ந்தான்.

“பெரியப்பா, எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“குடு. என்கிட்ட எதுக்குக் கேக்குற, பேனா இல்லையா?”

“உங்களைக் கீழ எறக்கிடுவாங்க.”

“ஆமா. ஆபீஸ்ல உக்கார வெப்பாங்க. எனக்குத் தரையில இருந்தாத்தான் தலை சுத்தும்.”

அவன் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் புதுப் பசங்க வராங்க. அவங்களும் ‘செட்ரெடி’ன்னுதான் சொல்வாங்க.”

“சொல்லாம? நாமதான கத்துக்குடுக்கப் போறோம்.”

பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. கேப்டன் அதை எடுக்க முயற்சி செய்யவில்லை.

“டேங்க் பக்கத்துல ஒரு மொட்டை மாடி,” என்றார். “ஒரு அம்மா நனைஞ்ச போர்வைய எடுத்துக்கிட்டிருந்தாங்க. பாத்தியா?”

“பாத்தேன்.”

“குனிஞ்சாங்கடா.”

“பாத்தேன் பெரியப்பா.”

“நமக்காகக் குனிஞ்சாங்க.” ஸ்பூனைத் தேடுவதுபோல் மேஜையைத் தடவினார். “எழுதிடு. டேங்க் வளர்ந்துடுச்சான்னு கேட்டேன்ல, அதை மட்டும் எழுதாத. படிக்கிறவன் சிரிப்பான்.”

அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினான். கொடுத்த இடத்தில், துணிச்சலுக்கு நன்றி என்றார்கள். கேப்டனை மூன்றாவது மாடியில் விடுப்பு மனுக்களைப் பார்க்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே ஜன்னல் இல்லை. படியில் எதிரே வந்தால், “என்னப்பா, மேல எல்லாம் சௌக்கியமா?” என்று கேட்பார். சில நாட்களில் அந்தப் படியைத் தவிர்த்து அவன் லிஃப்ட்டில் போக ஆரம்பித்தான்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. ஒரு கமிட்டி கூடியது. கேள்விகளின் வரிசையை மாற்றலாம் என்று அவன் எழுதியிருந்தான். வரிசையை மாற்றினால் எல்லா அட்டைகளையும் மறுபடி அச்சடிக்க வேண்டுமாம். எனவே அடியில் ஒரு கேள்வியை மட்டும் ஒட்டினார்கள்: ‘மேலே சொன்னவற்றை நிஜமாகவே பார்த்தீர்களா?’ பதில்: “பார்த்தோம்.”

புதிய கேப்டன் சுறுசுறுப்பானவர். அதே ஊர், அதே மேகம். அவர் கேள்விகளைக் கடகடவென்று படித்துவிட்டு, தன் பங்குக்கு, “செட்ரெடிபாத்தோம்,” என்றார்.

துணை விமானி பதில் சொல்லவில்லை. குனிந்து தன் பக்கத்து எண்ணைப் பார்த்தான். கோபுரம் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டான். பிறகு அவர் பக்கத்து எண்ணை எட்டிப் பார்த்தான்.

“என்ன தம்பி, தூங்கிட்டியா? லேட்டாகுது.”

“உங்க சைடு இன்னும் மாத்தல சார்.”

அவர் திருகைத் திருப்பினார். அதன்பிறகு தரை தொடும்வரை தேவையானதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேகம் விலகியது. தண்ணீர்த் தொட்டி, தூரத்தில், அதன் பழைய அளவில் இருந்தது. சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.