இடது முன்கையில் ஒரு மச்சம்

எங்கள் வகுப்பில் படித்த அத்தனை பேருக்கும் இடது முன்கையில் மச்சம். மயிலாப்பூர்த் தண்ணீர் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘ஐடென்டிஃபிகேஷன் மார்க்’ என்ற இடத்தை நிரப்ப வேண்டிய வாத்தியார், பையன்களின் சட்டையைக் கழற்றித் தேடுவது கௌரவக் குறைச்சல் என்று தன் கையையே பார்த்து எழுதிவிட்டார். ‘எ மோல் ஆன் த லெஃப்ட் ஃபோர்ஆர்ம்.’ எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அதனால் யாருக்கும் கெடுதல் வரவில்லை, வைரவனைத் தவிர.

தியாகராய நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் புடவை மடித்து அலுத்துப்போனவன் அவன். 1972இல் நந்தனத்தில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்ததும், “இனிமேல் கடைப் பக்கமே வரமாட்டேன்” என்று அப்பாவிடம் சவால் விட்டுவிட்டு வேலையில் சேரப் போனான். சூப்பரிண்டெண்ட் கருணாகரன் புத்தகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“மச்சம் எங்கேப்பா?”

“பொறக்கும்போதே இல்லீங்க சார்.”

“அப்ப நீ வைரவன் இல்லே.”

மறுநாள் கண்மையில் ஒரு மச்சம் வைத்துக்கொண்டு போனான். கருணாகரன் கட்டைவிரலால் தேய்த்தார். மச்சம் அவர் விரலுக்குக் குடிபெயர்ந்தது. தானே வைரவனாகிவிடுவோமோ என்று பதறி அவசரமாகக் கைக்குட்டையில் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து, ஆபீசுக்கு டீ கொண்டுவரும் கபாலி கிளாஸை நீட்டினான். இடது கை. முன்கையில் மிளகளவு மச்சம்.

கருணாகரன் எழுந்தே நின்றுவிட்டார். “வாப்பா வைரவா! ஏன் இவ்ளோ லேட்டு?”

“சார், நான் கபாலி சார். தெனம் உங்களுக்கு டீ குடுத்துக்கினு கீறேனே!”

“அது நீ சொல்றே. புக்குல வேற மாதிரி எழுதியிருக்கு.”

“நான்தான் சார் வைரவன்!” என்று வைரவன் கத்தினான்.

“அடையாளம் இல்லாதவன்லாம் ஆபீசுல கத்தக்கூடாது.”

கபாலி சம்பளம் என்ன என்று விசாரித்தான். பதில் வந்ததும், “அப்போ நான் வைரவன்தான் நைனா” என்று ஒப்புக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

வைரவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். கடைக்குத் திரும்பினால் அப்பா சிரிப்பார். கருணாகரனும் இரக்கமுள்ள மனிதர்தான். “டீ வேலை காலியா இருக்கு. அதுக்கு மச்சம் வேணாம்” என்றார்.

மறுநாள் நான் விசாரிக்கப் போனபோது, வைரவன் மேஜை மேஜையாக டீ வைத்துக்கொண்டிருந்தான். குமாஸ்தா நாற்காலியில் இருந்த கபாலி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

“இன்னாப்பா, சக்கரை கம்மியா கீது?”

“நாளைக்குச் சரி பண்ணிடறேன், வைரவன் சார்.”