விசையை அழுத்தியவர்

1

இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் என்னை நல்லவனாக்கிவிட்டேன். முதல் தொடக்கம் இப்படி: “பனமரத்துப்பட்டி ஏரியின் மேல் பொழுது சாயும் வேளையில்...” ஏரிக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடித்துவிட்டேன்.

2

1984. சேலத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி (பெயர் வேண்டாம்). நான் இயந்திரவியல் விரிவுரையாளர். முதலாண்டுப் பிள்ளைகள் இயந்திரத்தைக் கரும்பலகையில் மட்டுமே பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. “ரோபோ செய்வோம்” என்றேன். பழைய லாரிகளின் வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், இரும்புப் பட்டை. மேசைமேல் இருக்கும் டம்ளரை எடுத்துத் தரும் ஒரு கை; அவ்வளவுதான் எங்கள் ரோபோ.

வகுப்பில் ஒரே பெண் உண்ணாமலை. தம்மம்பட்டிப் பக்கம் கூலிவேலை செய்யும் மாதையனின் மகள். முதல் நாளே கேட்டாள்: “கை எறங்கும், சரி. எங்க நிக்கணும்னு அதுக்கு எப்படி சார் தெரியும்?”

அந்தக் கேள்வியிலேயே பாதிப் பாடம் முடிந்துவிட்டது. கை ஓர் அளவுக்குக் கீழே இறங்காதபடி அவளே ஒரு தடுப்பு போல்ட்டைப் பொருத்தினாள்.

3

கை தயாராகிவிட்டது; மறுநாள் அதைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான். கை டம்ளருக்கு இரண்டு விரற்கடை மேலேயே நின்றது. “போல்ட்டைக் கழட்டு” என்றேன், மேச்சேரியிலிருந்து வந்து படித்த தீர்த்தகிரியிடம்.

“வேணாம் சார், மேசைய உசத்திக்கலாம்” என்றாள் உண்ணாமலை.

நேரமில்லை என்றேன். கழற்றினான். அவன் குனிந்து டம்ளரை நகர்த்திக்கொண்டிருந்தபோது விசை அழுத்தப்பட்டது.

(“அழுத்தப்பட்டது.” யார் என்று சொல்லாமல் தப்பிக்க மொழியில் ஒரு சந்து இருக்கிறது. திருத்துகிறேன்.)

நான் அழுத்தினேன்.

தீர்த்தகிரியின் வலக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

4

விசாரணையில் முதல்வர் கேட்டார்: “சுவிட்ச் பக்கத்தில் நின்றது யார்?”

“உண்ணாமலை” என்றேன்.

அவளும் அதன் பக்கத்தில்தான் நின்றாள், அதனால் அது பொய்யில்லை என்று நான் ஓராண்டு முழுக்க... வேண்டாம்.

குனிந்திருந்த தீர்த்தகிரி எதையும் பார்க்கவில்லை. “நான் தொடல சார்” என்றாள் உண்ணாமலை, முதல்வரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நான் கோப்பைப் புரட்டினேன். அவளை ஓராண்டு நீக்கினார்கள்.

மாதையன் வந்து மகளைக் கூட்டிப்போனார். போகுமுன் என்னிடம் கைகூப்பினார். “புள்ள தெரியாம செஞ்சிருச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க சாமி.”

அதற்கு என் பதிலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். உண்மையில், பதிலுக்கு நானும் கைகூப்பினேன்.

5

ஓராண்டு முடிந்தும் அவள் திரும்பி வரவில்லை. அதன்பிறகுதான் முதல்வருக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். என் வேலை போயிற்று. அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் உத்தரவை வாங்கிக்கொண்டு தம்மம்பட்டிக்குப் போனேன். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் களத்தில் மரவள்ளி மாவைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வெள்ளை.

காகிதத்தைப் படித்து மடித்தாள்.

“அப்பா போன மாசம் செத்துட்டாரு சார். நான் செய்யலன்னு எத்தனையோ தடவ சொன்னேன். ‘வாத்தியாரு பொய் சொல்லுவாரா’ன்னுட்டாரு.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் குனிந்து மாவைப் பரப்பத் தொடங்கினாள்.

6

அவள் மறுபடியும் கல்லூரிக்கு வந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். வரவில்லை என்று எழுதினேன். என்னை நானே தண்டித்துக்கொள்வதிலும் ஒரு சுகம் இருந்தது, அதையும் கிழித்தேன். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் துணிச்சல் வரவில்லை.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதில் அவள் என்னை மன்னித்ததாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.